புதிதாக ஏற்றிய பொருளை முதல் நாளே ஆட்களின் கண்ணில் படவைப்பது: பரிந்துரை மொடலை முழுக்க மறுபடி பயிற்றாமல் செய்யும் முழு வழிகாட்டி

மருதமுனைக் கைத்தறிச் சாறிகளில் ஒரு வடிவத்துக்கு அதிகம் உருப்படி இருக்காது. நெய்தது முடிந்தால் அடுத்தது வேறு நிறம், வேறு கரை. அப்படி ஒரு சாறியை இணையக் கடையில் திங்கட்கிழமை ஏற்றுகிறார்கள், எந்தப் பொருளை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் உங்கள் பரிந்துரை மொடலோ ஞாயிறு இரவு மட்டும்தான் பயிற்றப்படுகிறது என்று வையுங்கள். ஆறு நாளைக்கு அந்தச் சாறி மொடலைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. சரி, ஞாயிறு வந்து முழுக்கப் பயிற்றிவிட்டீர்கள், அப்போதாவது வருமா என்றால் அதுவும் இல்லை: யாருக்கும் காட்டப்படாததால் கிளிக் இல்லை, கிளிக் இல்லாததால் மொடல் அதைக் கீழே தள்ளும், கீழே கிடப்பதால் அடுத்த கிழமையும் யாரும் பார்க்கப்போவதில்லை.

அதனால்தான் "தினமும் பயிற்றினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. புதுப் பொருளுக்குத் தேவை மூன்று: அதன் விவரத்திலிருந்தே ஒரு தொடக்க இடம், ஆட்களிடம் காட்ட ஒரு வாய்ப்பு, வருகிற முதல் சில கிளிக்குகளை உடனே உள்வாங்க ஒரு வழி. இந்த மூன்றுக்குமே மொடலை முழுக்கப் பயிற்ற வேண்டியதில்லை. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சின்னதாக இணையக் கடை நடத்துகிறவர்களையும் அவர்களுக்கு வேலை செய்து கொடுக்கிற பிள்ளைகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய சேர்வர் வேண்டாம், ஒரு சாதாரண லப்டொப்பில் ஓடக்கூடிய வேலைதான்.

நீங்கள் பயனருக்கு ஒரு வெக்டர் (எண்களின் வரிசை), பொருளுக்கு ஒரு வெக்டர் என்று வைத்து, இரண்டையும் பெருக்கிக் கூட்டிப் புள்ளி போடும் மொடல் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். படங்களுக்கு ஆட்கள் கொடுக்கும் மதிப்பெண்ணை ஊகிக்க நெட்ஃபிளிக்ஸ் நடத்திய, 2006 இல் தொடங்கி 2009 இல் முடிந்த போட்டிக்குப் பிறகு எல்லோரும் பழகிப்போன அணிக் காரணியாக்க வகை. இரட்டைக் கோபுர நரம்பு வலையமைப்பு (பயனருக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று இரண்டு வலையமைப்பால் வெக்டர் எடுக்கும் வகை) வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான், வித்தியாசம் வரும் இடத்தில் சொல்கிறேன்.

படி 1: உங்களுக்கு இந்தப் பிரச்சினை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள்

கடையில் இப்போது விற்பனைக்கு இருக்கும் பொருட்களில் கடந்த 14 நாளில் ஏற்றியவை எத்தனை வீதம்? ஆட்களுக்குக் காட்டப்பட்ட மொத்தத் தடவைகளில் அந்தப் பொருட்கள் எத்தனை வீதம்? முதலாவது 20 வீதம், இரண்டாவது 2 வீதம் என்று வந்தால் பிரச்சினை பெரிது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றென்றால் இந்த வேலையை விட்டுவிட்டு வேறு எதையாவது திருத்துங்கள்.

இதைக் கணக்கிடப் போகும்போதுதான் பலருக்கு ஒரு விஷயம் தெரியவரும்: கிளிக் மட்டும் பதிவாகியிருக்கும், எதைக் காட்டினோம் என்பது எங்கேயும் பதிவாகியிருக்காது. இன்றைக்கே அதைப் பதியத் தொடங்குங்கள். யாருக்கு, எந்தப் பொருள், எத்தனையாவது இடத்தில், எந்த நேரம், எந்த மொடல் பதிப்பிலிருந்து என்ற ஐந்தும் வேண்டும். பக்கத்தில் சேர்த்து அனுப்பியதை எல்லாம் காட்டியதாக எண்ணாதீர்கள். நம் பக்கத்து ஆட்கள் டேட்டா பார்த்துப் பார்த்துப் பாவிக்கிறவர்கள், படம் இறங்க முதலே அடுத்த பக்கம் போய்விடுவார்கள். பொருளின் படம் திரையில் பாதிக்கு மேல் தெரிந்து ஒரு செக்கனாவது நின்றால் மட்டும் காட்டியதாக எடுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளும் இந்தப் பதிவில்தான் தங்கியிருக்கின்றன.

படி 2: பொருள் உள்ளே வரும் வாசலைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டி ஓடப் பார்ப்பார்கள். கிளிக் இல்லாத பொருளைப் பற்றி மொடலுக்குத் தெரியக்கூடியது அதன் விவரம் மட்டும்தான், விவரம் குப்பையாக இருந்தால் பின்னால் என்ன கணிதம் போட்டாலும் பயனில்லை.

நம் கடைகளில் நடப்பது இதுதான். வியாபாரி வட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்புவார், கூடவே ஒரு குரல் பதிவு, "தம்பி இது பருத்தி, நாலு நிறம் இருக்கு, விலை கேட்டா சொல்லுங்க" என்று. ஏற்றுகிறவர் தலைப்பில் "புதிய வரவு" என்று போட்டு முடித்துவிடுவார். அதனால் படிவத்தில் கட்டாயமான கட்டங்களை வையுங்கள், ஆனால் ஐந்தாறுக்கு மேல் போகாதீர்கள், போனால் ஆட்கள் எதையாவது தட்டிவிட்டுப் போவார்கள். வகை, மூலப்பொருள், நிறம், விலை, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம், விற்பவர் இருக்கும் ஊர் போதும். வகையையும் மூலப்பொருளையும் நிறத்தையும் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய வைக்க வேண்டும்.

அடுத்தது எழுத்து. இலங்கையில் இன்னும் எத்தனையோ பேரின் கணினியில் பாமினி எழுத்துருதான் இருக்கிறது. அதில் தட்டியதை வெட்டி ஒட்டினால் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல், எந்த மொழி மொடலுக்கும் அது புரியாது. உள்ளே வரும்போதே கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். யூனிகோடிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "கொ" என்பதைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கத்தை ஒருமுறை ஓடவிட்டால் இவை ஒன்றாகிவிடும், பைதன் நிரல் மொழியில் ஒரே வரி. இடையில் ஒளிந்திருக்கும் அகலமற்ற குறிகளையும் அதே நேரத்தில் நீக்குங்கள்.

பிறகு பெயர்கள். சாறி, சேலை என்று ஒரே பொருளுக்கு இரண்டு பெயர், சாரத்துக்கு லுங்கி என்று இன்னொன்று, போதாததற்கு ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். அம்பாறை நகரத்திலிருந்து வரும் விற்பனையாளர்கள் சிங்களத்தில் எழுதுவார்கள். ஒரு சின்ன அட்டவணை வைத்து எல்லாவற்றையும் ஒரு பெயருக்குக் கொண்டுவாருங்கள். தேடல் பெட்டியில் ஆட்கள் தட்டியதை எடுத்துப் பார்த்தாலே அந்த அட்டவணையில் முக்கால்வாசி வந்துவிடும்.

படி 3: விவரத்தை வெக்டராக்குங்கள்

எழுத்துக்கு, பல மொழிகளை ஒரே வெளியில், அதாவது ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடிய ஒரே எண் வரைபடத்தில், வைக்கும் மொடல் ஒன்றை எடுங்கள். கூகிள் 2020 இல் வெளியிட்ட லாப்-எஸ்ஈ 109 மொழிகளுக்கு வேலை செய்யும், தமிழும் சிங்களமும் அதில் உண்டு, 768 எண்கள் கொண்ட வெக்டர் தரும். ஒரே பொருளைத் தமிழில் எழுதினாலும் சிங்களத்தில் எழுதினாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழும் என்பதால் நம் பகுதிக்கு இது மிகவும் பொருத்தம். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழை மட்டும் இந்த மாதிரி மொடல்கள் சரியாகப் பிடிப்பதில்லை, அதை முதலில் தமிழ் எழுத்துக்கு மாற்றிக் கொடுங்கள்.

படத்துக்கு ஓப்பன்ஏஐ 2021 இல் வெளியிட்ட கிளிப் என்ற மொடல் போதும், அதன் சிறிய வகை 512 எண்கள் தரும். துணி, நகை, தளபாடம் போன்றவற்றில் எழுத்தைவிடப் படமே அதிகம் சொல்லும். கைபேசி உதிரிப்பாகம், புத்தகம் என்றால் நேர்மாறு.

எழுத்து வெக்டர், பட வெக்டர் இரண்டின் நீளத்தையும் (எண்களின் எண்ணிக்கையல்ல, அவற்றின் மொத்த அளவு) 1 ஆக்கி, விலையின் மடக்கை, வகை, ஊர் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே நீண்ட வரிசையாக வையுங்கள். பொருளுக்கு ஒருமுறைதான் இந்த வேலை, ஏற்றும் நேரத்திலேயே முடித்துவிடலாம், ஜி.பி.யூ. என்ற தனிக் கணிப்பு அட்டை வேண்டாம்.

படி 4: விவர வெளியிலிருந்து மொடலின் வெளிக்கு ஒரு பாலம்

முழு வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் மொடலில் பயனர் வெக்டர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சுபா (கற்பனைப் பெயர்தான்) என்ற பயனரின் 64 எண்கள், பருத்தி, மங்கல் நிறம், நடுத்தர விலை என்ற மாதிரியான அவருடைய விருப்பங்களைக் கிளிக்குகளிலிருந்து கற்றுவைத்திருக்கின்றன. புதுச் சாறி வந்ததால் சுபாவின் விருப்பம் மாறிவிடப்போவதில்லை. ஆகவே பயனர் பக்கத்தை அப்படியே உறையவைத்துவிட்டு, புதுச் சாறிக்கு அதே 64 எண் வெளியில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தால் போதும், கடையில் உள்ள எல்லாப் பயனருக்கும் அதன் புள்ளி உடனே கிடைத்துவிடும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பழைய பொருட்களை ஆசிரியராக வையுங்கள். போதிய கிளிக் வாங்கிய ஒவ்வொரு பழைய பொருளுக்கும் இரண்டு வெக்டர் இருக்கிறது: படி 3 இல் செய்த விவர வெக்டர், மொடல் கற்ற 64 எண் வெக்டர். முதலாவதைக் கொடுத்தால் இரண்டாவதைச் சொல்லும்படி ஒரு சிறிய மொடலைப் பயிற்றுங்கள், அதுதான் பாலம். பைதனின் சைகிட் லேர்ன் நூலகத்தில் உள்ள ரிட்ஜ் ரிக்ரெஷனே (எண்கள் கண்டபடி பெருக்காமல் கட்டுப்படுத்தி நேர்கோட்டு உறவைக் கண்டுபிடிக்கும் முறை) தொடக்கத்துக்குப் போதும், சில ஆயிரம் பொருட்களுக்குச் சில செக்கனில் முடியும். குறைந்தது 20 கிளிக்காவது வாங்கிய பொருட்களை மட்டும் பாடத்துக்கு எடுங்கள், மூன்று கிளிக் வாங்கிய பொருளின் வெக்டர் பாதி இரைச்சல்.

இந்த யோசனை ஒன்றும் நேற்று வந்தது இல்லை. ஜீனோ கான்ட்னரும் உடன் ஆய்வாளர்களும் 2010 இல் இதை எழுதினார்கள். 2013 இல் வான் டென் ஊர்ட், டீலமன், ஸ்க்ரோவன் மூவரும் பாட்டின் ஒலியை மட்டும் கேட்டு அந்தப் பாட்டின் காரணி வெக்டரைச் சொல்லும் மொடலைக் காட்டினார்கள். யாரும் கேட்டிராத புதுப் பாட்டுக்கும் அது வேலை செய்யும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரிக்ரெஷன் எப்போதும் சராசரிப் பக்கம் சாயும், அதனால் அது சொல்லும் வெக்டர்களின் நீளம் உண்மையான வெக்டர்களைவிடக் குறைவாக வரும். பெருக்கிக் கூட்டும் மொடலில் நீளம் குறைந்தால் புள்ளி குறையும். திசை சரியாக இருந்தும் உங்கள் புதுப் பொருட்கள் எல்லாம் பழையவற்றுக்குக் கீழே போய் நிற்கும், ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். தீர்வு எளிது: பாலம் சொன்ன வெக்டரின் திசையை மட்டும் எடுத்து, அதே வகையில் உள்ள பழைய பொருட்களின் நடுத்தர நீளத்துக்கு நீட்டிவிடுங்கள். பொருளுக்குத் தனிச் சாய்வு எண் (பயனர் யாராக இருந்தாலும் புள்ளியோடு சேரும் எண்) வைத்திருக்கும் மொடல் என்றால் அதற்கும் வகையின் சராசரியைப் போடுங்கள்.

பாலம் பயிற்றுகிற அளவுக்குக்கூடப் பழைய பொருட்கள் இல்லையா? இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. தங்குமிடங்களை வாடகைக்கு எடுக்க உதவும் ஏர்பிஎன்பி தளத்தார் 2018 இல் எழுதிய கட்டுரையில் புது வீடு ஒன்று பட்டியலில் சேர்ந்தால் 10 மைல் சுற்றளவில், அதே வகை, அதே விலைப் பிரிவில் உள்ள மிக நெருங்கிய மூன்று வீடுகளின் வெக்டர்களைச் சராசரி எடுத்துப் போட்டார்கள், புது வீடுகளில் 98 வீதத்துக்கு மேல் இதனாலேயே வெக்டர் கிடைத்தது. சாறிக்கு மைல் பொருந்தாது, அதற்குப் பதிலாகப் படத்திலும் விவரத்திலும் நெருங்கிய, அதே விலைப் பிரிவில் உள்ள மூன்று சாறிகளை எடுங்கள். சின்னக் கடைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாதி நாளில் எழுதி முடித்துவிடலாம், பாலம் பிறகு வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது இருக்கும்.

இன்னொன்று. மொடல் இதுவரை கண்டிராத வகையில் ஒரு பொருள் வந்தால், சாறியும் நகையும் விற்ற கடையில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் வந்தால், பாலம் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லத்தான் செய்யும், ஆனால் அதில் ஓர் அர்த்தமும் இருக்காது. விவர வெளியில் மிக நெருங்கிய பழைய பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வழக்கமான தூரத்தைவிட அதிகம் என்றால் அந்த வெக்டரை நம்பாமல் படி 6 இல் சொல்லும் காட்டும் இடத்துக்கு மட்டும் அனுப்புங்கள்.

புதிதாகக் கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பொருளின் வெக்டரை முதலிலிருந்தே அதன் பண்புகளின் கூட்டாக வைக்கும் முறைகள் இருக்கின்றன. 2015 இல் மாசெய் குலா எழுதிய லைட்எஃப்எம் அப்படிப்பட்டது, "பருத்தி", "பச்சை", "மருதமுனை" ஒவ்வொன்றுக்கும் ஒரு வெக்டர், பொருள் என்பது அவற்றின் கூட்டுத்தொகை. 2017 இல் வந்த டிரொப்அவுட்நெட் பயிற்றும்போதே சில பொருட்களின் கிளிக் தகவலை வேண்டுமென்றே மறைத்துவிட்டு விவரத்தை மட்டும் வைத்துச் சமாளிக்கப் பழக்கும். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் இவற்றைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மொடலை இதற்காக உடைக்க வேண்டாம்.

படி 5: தேடும் சுட்டியில் சேர்ப்பது

இங்கே அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. 20,000 பொருள், ஒவ்வொன்றுக்கும் 64 எண் என்றால் மொத்தம் 5 எம்.பி. சொச்சம்தான். நம்பை என்ற பைதன் கணித நூலகத்தில் ஒரே பெருக்கலாக எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுவிடலாம், சுட்டியே (நெருங்கிய வெக்டர்களை விரைவாகத் தேடித் தரும் அமைப்பு) தேவையில்லை, புதுப் பொருள் என்பது அணியில் இன்னொரு வரி. லட்சக்கணக்கில் போனால் எச்.என்.எஸ்.டபிள்யூ. வகைச் சுட்டி எடுங்கள், அதில் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், திரும்பக் கட்ட வேண்டியதில்லை. விற்று முடிந்ததை அழித்ததாகக் குறி வைக்கலாம், குறிகள் நிறையச் சேர்ந்தால் மட்டும் ஒருமுறை புதிதாகக் கட்டுங்கள்.

கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று: ஒவ்வொரு வெக்டரோடும் மொடல் பதிப்பு எண்ணையும் எழுதிவையுங்கள். முழுப் பயிற்சி நடந்த பிறகு 64 எண் வெளி முழுக்கச் சுழன்று மாறிப்போயிருக்கும், பழைய வெளியில் கண்டுபிடித்த பொருள் வெக்டரைப் புது வெளியின் பயனர் வெக்டரோடு பெருக்கினால் வருவது வெறும் குப்பை, அதிலும் பிழைச் செய்தி எதுவும் வராமல் அமைதியாக வரும் குப்பை. பதிப்பு ஒத்துப்போகாவிட்டால் பெருக்க மறுக்கும்படி நிரலிலேயே எழுதிவிடுங்கள். முழுப் பயிற்சி முடிந்தவுடன் பாலத்தையும் மறுபடி பயிற்றி, புதுப் பொருட்களின் வெக்டர்களையும் மறுபடி எடுக்க வேண்டும்.

படி 6: காட்ட ஓர் இடம் ஒதுக்குங்கள்

தொடக்க வெக்டர் ஓர் ஊகம்தான். ஊகம் சரியா பிழையா என்று தெரிய ஆட்களிடம் காட்டியே ஆகவேண்டும். பத்துப் பரிந்துரையில் ஒன்றை, தாராளம் என்றால் இரண்டைப் புதுப் பொருளுக்கு ஒதுக்குங்கள். கடைசி இடத்தில் போட்டுவிட்டு ஒதுக்கினேன் என்று சொல்லாதீர்கள், கைபேசித் திரையில் ஒன்பதாவது இடத்தை யார் பார்க்கிறார்கள்? மூன்றாவதோ நாலாவதோ சரியாக வரும்.

அந்த இடத்துக்கு எந்தப் புதுப் பொருளை எடுப்பது? முதலில் படி 4 இன் புள்ளியை வைத்து இந்தப் பயனருக்குப் பொருத்தமான 20, 30 புதுப் பொருட்களை எடுங்கள். அவற்றுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய தொம்சன் மாதிரியெடுப்பு என்ற முறையைப் பாவியுங்கள். 1933 இல் வில்லியம் தொம்சன் எழுதியது, இன்றைக்கும் எளிதான, நல்ல முறை.

எண்ணோடு பார்ப்போம். உங்கள் கடையில் சாறி வகையில் நூறு முறை காட்டினால் நாலு கிளிக் வருகிறது என்று வையுங்கள். புதுச் சாறிக்கு, ஏற்கெனவே 50 முறை காட்டி 2 கிளிக் வந்ததுபோல ஒரு தொடக்கக் கணக்கைக் கொடுங்கள், அதுவும் நாலு வீதம்தான். பிறகு உண்மையாகவே 30 முறை காட்டி 3 கிளிக் வந்தால் கணக்கு 80 இல் 5, அதாவது 6.25 வீதம். தொடக்கக் கணக்கு இல்லாவிட்டால் 10 வீதம் என்று வந்து மூன்று கிளிக்கை நம்பி அதைத் தலையில் தூக்கி வைத்திருப்போம். மாறாக 60 முறை காட்டியும் ஒரு கிளிக்கும் இல்லை என்றால் 110 இல் 2, கிட்டத்தட்ட 1.8 வீதம். மதிப்பு இறங்குகிறது, ஆனால் பூச்சியமாகவில்லை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாறிக்கும் அதன் கிளிக் வீதம் என்னவாக இருக்கக்கூடும் என்று காட்டும் பீட்டா பரவலிலிருந்து (முதல் சாறிக்குக் கிளிக் வந்தது 5, வராதது 75) ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, பெரிய எண் வந்த சாறியைக் காட்டுங்கள். கொஞ்சமாகக் காட்டப்பட்டதன் எண்கள் அங்குமிங்கும் தாவும், அதனால் அதற்கு அடிக்கடி வாய்ப்பு வரும், தகவல் சேரச்சேரத் தானாக அடங்கிவிடும். பயனரின் பண்பையும் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்றால் 2010 இல் யாஹூ முதற்பக்கச் செய்திகளில் சோதித்துக் காட்டிய லின்-யூசிபி என்ற முறை இருக்கிறது. இதைச் செய்து முடித்த பிறகு அதைப் பாருங்கள்.

இடத்தின் தாக்கத்தை மறக்கக் கூடாது. முதல் இடத்தில் வந்த கிளிக்கும் நாலாம் இடத்தில் வந்த கிளிக்கும் ஒன்றில்லை. புதுப் பொருளை எப்போதும் ஒரே இடத்தில் காட்டினால் அவற்றுக்குள் ஒப்பிடுவதில் இந்தச் சிக்கல் வராது, நான் அப்படிச் செய்யத்தான் சொல்வேன்.

ஒரு விற்பனையாளருக்கு ஒரு நாளைக்கு இந்த இடத்தில் இத்தனை முறைதான் என்று ஒரு வரம்பும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் இருநூறு பொருளை ஏற்றும் மொத்த வியாபாரி புதுப் பொருள் இடம் முழுவதையும் பிடித்துக்கொள்வார், கிழமைக்கு மூன்று சாறி ஏற்றும் நெசவு வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. பழையதையே மறுபடி ஏற்றிப் புதியதாக்கும் ஆட்களும் வருவார்கள். பட வெக்டர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பழைய பொருளின் கணக்கையே தொடருங்கள். கடையின் பரிந்துரைப் பட்டியல் யாருடைய அடுப்பு எரியும் என்பதோடு சம்பந்தப்பட்டது, அதனால் இந்த வரம்பை நான் கணிதத்துக்கு ஈடாகவே வைக்கிறேன்.

படி 7: முதல் கிளிக்குகளை உடனே உள்வாங்குங்கள்

இப்போது சாறிக்கு ஏழெட்டுக் கிளிக் வந்துவிட்டது. அதைக் கிளிக் செய்த பயனர்களின் வெக்டர்கள் நம்மிடம் இருக்கின்றன, உறைந்தபடி. பார்த்தும் கிளிக் செய்யாதவர்களின் வெக்டர்களும் இருக்கின்றன. தெரியாதது சாறியின் 64 எண் மட்டும். இது 64 தெரியாக்கணியம் கொண்ட ஒரு சமன்பாட்டுத் தொகுதி, கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். ஏ.எல்.எஸ். முறையில் (பயனர் வெக்டர்களையும் பொருள் வெக்டர்களையும் மாறி மாறித் தீர்க்கும் முறை) பயிற்சியின்போது ஒவ்வொரு பொருளுக்கும் நடப்பது இதேதான், நாம் அதை ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் செய்கிறோம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, வழக்கமான ஏ.எல்.எஸ்., அதாவது ஹூ, கொரன், வொலின்ஸ்கி 2008 இல் எழுதிய முறை, கிளிக் செய்யாத எல்லாப் பயனரையும் லேசாக "விருப்பமில்லை" என்று எடுத்துக்கொள்ளும். பழைய பொருளுக்கு அது ஓரளவு சரி. நேற்று ஏற்றிய சாறியைக் கிளிக் செய்யாத பத்தாயிரம் பேரில் அநேகமாக எல்லோருமே அதைப் பார்த்ததேயில்லை, அவர்களை எல்லாம் விருப்பமில்லாதவர்கள் கணக்கில் போட்டால் சாறியின் வெக்டர் பூச்சியத்தை நோக்கிச் சுருங்கிவிடும். எனவே படி 1 இல் பதிந்த பட்டியலை எடுத்து, உண்மையாகவே காட்டப்பட்டவர்களை மட்டும் கணக்கில் சேருங்கள். தயார் நூலகங்களில் ஒரு பொருளை மட்டும் திரும்பக் கணக்கிடும் வசதி இருந்தாலும் அது பழைய வழக்கப்படியே செய்யும். நம்பையில் பத்து வரிதான், நீங்களே எழுதுங்கள்.

இரண்டாவது, கிளிக் குறைவாக இருக்கும்போது வெக்டர் கண்டபடி ஓடாமலிருக்க ஓர் இழுவை எண் போடுவார்கள், அது வெக்டரைப் பூச்சியத்தை நோக்கி இழுக்கும். நீங்கள் அதைப் பூச்சியத்தை நோக்கி இழுக்க விடாமல் படி 4 இல் கிடைத்த தொடக்க வெக்டரை நோக்கி இழுக்க வையுங்கள். 64 எண்ணுக்குப் பதில் ஒரே எண் என்று வைத்துப் பார்ப்போம். தொடக்க மதிப்பு 0.4, இழுவை 10. காட்டப்பட்டவர்களின் எண்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் 5, கிளிக் செய்தவர்களின் எண்களைக் கூட்டினால் 4 வருகிறது. கிளிக்குகள் மட்டும் சொல்வது 4 இன் கீழ் 5, அதாவது 0.8. இழுவையோடு பார்த்தால் மேலே 4 உடன் 10 பெருக்கல் 0.4 ஐக் கூட்டி 8, கீழே 5 உடன் 10 ஐக் கூட்டி 15, விடை 0.53. தொடக்க ஊகத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கிளிக்குகள் பெருகி 5 என்பது 90 ஆகவும் 4 என்பது 72 ஆகவும் ஆனால் 76 ஐ 100 ஆல் வகுத்து 0.76, கிளிக்குகள் சொல்லும் 0.8 க்குக் கிட்டப் போய்விட்டது. தகவல் இல்லாதபோது விவரத்தை நம்புகிறது, வந்த பிறகு ஆட்களை நம்புகிறது. எப்போது மாறுவது என்று நீங்கள் எல்லை போடத் தேவையில்லை.

ஒவ்வொரு கிளிக்குக்கும் இதை ஓட்ட வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, புதிதாகக் கிளிக் வந்த பொருட்களுக்கு மட்டும் ஓட்டினால் தாராளம்.

நரம்பு வலையமைப்பு வைத்திருப்பவர்கள் எல்லாப் படலத்தையும் உறையவைத்து, புதுப் பொருளின் எம்பெடிங் வரியை, அதாவது அதன் வெக்டரை, மட்டும் சில தடவை பயிற்றுங்கள், தொடக்கமாகப் பாலத்தின் வெக்டரைப் போட்டு. மற்றப் படலங்களையும் சேர்த்துப் புதுத் தரவில் மட்டும் பயிற்றினால் மொடல் பழையதை மறக்கத் தொடங்கும், பழைய பொருட்களின் தரம் சத்தமில்லாமல் இறங்கும்.

படி 8: சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது

சோதனைக்குத் தரவைக் கண்டபடி குலுக்கிப் பிரிக்காதீர்கள். ஒரு திகதியைத் தீர்மானித்து, அதற்கு முன் நடந்ததில் மொடலையும் பாலத்தையும் பயிற்றி, அதற்குப் பின் ஏற்றிய பொருட்களில் சோதியுங்கள். குலுக்கிப் பிரித்தால் "புதுப்" பொருளின் கிளிக்குகள் பயிற்சிக்குள் கசிந்து, எண்கள் பொய்யாக அழகாக வரும்.

அளவுகளைப் புதுப் பொருள், பழைய பொருள் என்று தனித்தனியாக எடுங்கள். ஒரே சராசரியாகப் போட்டால் பழையவற்றின் எண்ணிக்கையில் புதியவை மூழ்கிவிடும். முதல் 20 இடத்துக்குள் ஆள் உண்மையில் கிளிக் செய்த பொருள் வந்ததா என்பது ஓர் அளவு. ஏற்றிய நேரத்திலிருந்து முதல் கிளிக் வரை எத்தனை மணி, ஒரு கிளிக்கும் இல்லாமல் 14 நாள் தாண்டிய பொருள் எத்தனை வீதம் என்ற இரண்டும் வியாபாரிக்குப் புரியும் அளவுகள். ஒப்பிடுவதற்கு எளிய போட்டியாளர் ஒன்று இருக்க வேண்டும்: "அதே வகையில் புதிதாக வந்ததை அப்படியே காட்டு". அதை உங்கள் பாலம் வெல்லாவிட்டால் படி 2 க்குத் திரும்பிப் போய் விவரங்களைப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

நோன்புப் பெருநாள், தீபாவளி, தைப்பொங்கல் கிட்ட எடுத்த எண்களைத் தனியாக வையுங்கள். காத்தான்குடியிலும் கல்முனையிலும் பெருநாள் கிழமையில் எதைக் காட்டினாலும் விற்கும், அதை மொடலின் கெட்டித்தனம் என்று எடுக்கக் கூடாது.

படி 9: முழுப் பயிற்சி எப்போது

முழுப் பயிற்சியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை, இடைவெளியை நீட்டலாம் என்கிறேன். ஞாயிறுக்கு ஞாயிறு என்றிருந்ததை மாதத்துக்கு ஒன்றாக்கிப் பாருங்கள். நாட்காட்டியைவிட அறிகுறிகளைப் பார்ப்பது நல்லது. கடையில் இருக்கும் பொருட்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பாலம் கொடுத்த வெக்டரில் ஓடுகிறது என்றால் நேரம் வந்துவிட்டது. பாலம் சொன்ன வெக்டருக்கும், கிளிக் வந்த பிறகு படி 7 கணக்கிட்ட வெக்டருக்கும் உள்ள தூரம் கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டு போனால், ஆட்களின் விருப்பமே மாறுகிறது, பயனர் வெக்டர்கள் பழசாகிவிட்டன. புது வகை ஒன்று கடைக்குள் பெருமளவில் வந்தாலும் பயிற்ற வேண்டும்.

பயிற்றும்போது குலுக்கிப் போட்ட எண்களிலிருந்து தொடங்காமல் பழைய வெக்டர்களிலிருந்தே தொடங்குங்கள், நேரம் மிச்சம், வெளியும் அதிகம் மாறாது. பயனர், பொருள், பாலம் மூன்றையும் ஒரே பதிப்பு எண்ணில் தயார்செய்து வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் மாற்றுங்கள், பழைய பதிப்பை இரண்டு மூன்று நாளைக்கு அழிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டத் தேவையில்லை. காட்டியதைப் பதிவது, வாசலில் விவரங்களைச் சரிசெய்வது, நெருங்கிய மூன்றின் சராசரி, பத்தில் ஓர் இடம் என்ற நாலையும் முதல் மாதத்தில் ஓடவிடுங்கள். அந்த மாதத்துப் பதிவு கைக்கு வந்த பிறகுதான் பாலத்துக்கும் படி 7 க்கும் தேவையான தரவே உங்களிடம் இருக்கும்.